மனையினுள்ளே செடி வளர்ப்போர் முதலில் அறிய வேண்டியவை

வயலிலே நெல்லையும் தோட்டத்திலே மிளகாயையும் கத்தரியையும் செழிக்கச் செய்யும் கமக்காரரின் வீட்டு விறாந்தையில், சாடியொன்றில் வைத்த செடி இரண்டு மாதத்துள் மடிந்துபோவதைப் பல இடங்களிற் காணலாம். சந்தையிலே நல்ல விலை கொடுத்து வாங்கிவந்த செடி அது. வீட்டுப் பிள்ளைகள் காலையும் மாலையும் தவறாது நீர் ஊற்றினர். சில வாரங்களில் இலை மஞ்சளித்தது. நீர் போதவில்லை என எண்ணி மேலும் ஊற்றினர். தண்டு அடியில் மென்மையாகி ஒரு நாள் சாய்ந்தது. “இது எங்களுக்குக் கைராசியில்லை” என்று கூறிச் சாடியைக் கிணற்றடியிற் கவிழ்த்துவிட்டனர்.

கைராசியைக் குறை கூறுதற்கு இங்கே இடமில்லை. வயலுக்கு உரிய வழக்கம் சாடிக்குள் நுழைந்ததே அச்செடி இறந்தமைக்குக் காரணம். மனையினுள் வளரும் செடிகளிற் பெருந்தொகையானவை நீரின்மையால் அன்றி நீர் மிகுதியாலேயே அழிகின்றன. இவ்வொன்றை உணர்ந்துகொண்டவர் எஞ்சியவற்றை எளிதிற் கற்றுக்கொள்வர்.

வயலும் சாடியும்

நெற்பயிர் தேங்கிய நீரில் வாழ்வதற்கேற்ற அமைப்புடையது. இலைகளின் வழியாக உட்புகும் காற்று, தண்டினுள்ளும் வேரினுள்ளும் அமைந்த நுண்ணிய காற்றறைகளினூடாக வேர்நுனிவரை இறங்குகின்றது. ஆதலாற் சேற்றினுள்ளும் நெல்வேர் மூச்சுவிடும். மிளகாய்க்கு இத்தகைய வசதி இல்லை. மாரி மழையில் இரண்டு நாள் வெள்ளம் நின்ற மிளகாய்த் தோட்டம், வெயில் எறித்தவுடன் வாடிச் சாய்வதைக் காணாத கமக்காரர் இல்லை. மண்ணிலே நீர் நிறைந்திருக்கச் செடி தாகத்தால் வாடியதுபோலத் தோன்றும். வேர் மூச்சின்றி இறந்தமையால், தன்னைச் சூழ்ந்து நிற்கும் நீரையே உறிஞ்ச இயலாத நிலை அது.

சாடியில் வளரும் அழகுச் செடிகளிற் பெரும்பாலானவை இவ்விடயத்தில் மிளகாயைப் போன்றவை. அன்றியும் தோட்டத்து மிளகாய்க்கு வெயிலும் காற்றும் உண்டு; மண்ணின் ஈரம் விரைவில் உலரும். வீட்டினுள்ளே வெயில் இல்லை, காற்றும் குறைவு. செடியும் மெதுவாகவே வளர்வதால் அது பருகும் நீரும் சிறிதளவே. தோட்டத்திலே ஒரு நாளில் உலரும் ஈரம், அறையின் மூலையில் ஒரு வாரம் நிற்கும். நீர் மிகுந்து வாடும் செடியும் நீரின்றி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதே இதிலுள்ள பொல்லாப்பு. மண்ணைத் தொட்டுப் பாராது செடியைக் கண்டவுடன் நீர் ஊற்றுபவர், நோயறியாது மருந்து கொடுப்பவரை ஒப்பர்.

இடமும் வெளிச்சமும்

செடி தனக்கு வேண்டிய உணவை வெளிச்சத்தின் துணைகொண்டே ஆக்குகின்றது. மனிதரின் கண் இருளுக்கு விரைவிற் பழகிவிடுவதால், அறையினுள் வெளிச்சம் போதியதென நாம் மயங்குகின்றோம். நண்பகலில் வெட்டவெளியில் ஒளியின் அளவு ஏறக்குறைய 100,000 லக்சு ஆகும். யன்னலின் அருகே அது ஓரிரண்டாயிரமாகக் குறையலாம். தாழ்வாரம் தாழ்ந்த வீட்டின் உள்மூலையில் நூறு லக்சு கிடைப்பதும் அரிது.

கருவி எதுவுமின்றி வெளிச்சத்தை அளக்க ஒரு வழி உண்டு. நண்பகலில், செடி வைக்க எண்ணிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி உயரத்திற் கையைப் பிடிக்க வேண்டும். விரல்களின் நிழல் தெளிவாக விழுமாயின் வெளிச்சம் நன்று. நிழல் மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலுக்கேற்ற செடிகளை அங்கே வைக்கலாம். நிழலே தெரியாவிடின் அவ்விடம் செடிக்கு ஆகாது. அங்கே வைத்தே தீரவேண்டுமாயின், இரண்டு செடிகளை வாங்கி வாரத்துக்கு ஒன்றாக விறாந்தைக்கும் அறைக்கும் மாற்றுதல் வேண்டும்.

நேர்வெயிலும் தீங்கு செய்யும். மேற்கு யன்னலாற் பிற்பகலில் விழும் வெயில், நிழலில் வளர்ந்த இலைகளைக் கருக்கிவிடும். இலங்கையில் ஏப்பிரில் மாதத்திலும், ஓகத்து இறுதி தொடங்கிச் செத்தெம்பர் முற்பகுதி வரையும் ஞாயிறு தலைக்கு நேரே செல்கின்றது. இடைப்பட்ட மே முதல் யூலை வரையான மாதங்களில் அது வடக்கே சாய்ந்து வடக்கு யன்னலுள் எட்டிப் பார்க்கும். ஒற்றோபர் முதல் பெப்புருவரி வரை தெற்கு யன்னலுக்கே வெயில். ஆதலால் ஒரு பருவத்தில் நன்றாயிருந்த இடம் மறு பருவத்திலும் நன்றாயிருக்கும் என நம்பியிருத்தல் ஆகாது.

நீர் விடும் முறை

“இச்செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விடவேண்டும்?” என்பதே தொடங்குவோர் முதலிற் கேட்கும் வினா. நாட்கணக்கு எதற்கும் உதவாது. சுட்டுவிரலை மண்ணினுள் இரண்டு அங்குலம் இறக்கிப் பார்த்தல் வேண்டும். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் விடலாகாது. உலர்ந்திருந்தால் விடலாம். ஆழமான சாடியாயின் ஒரு தென்னோலை ஈர்க்கை அடிவரை செலுத்திச் சிறிது நேரத்தின்பின் எடுக்க, மண் ஒட்டிய ஈர்க்கு உள்ளேயுள்ள ஈரத்தைக் காட்டிவிடும். சில வாரங்கள் பழகியவர் சாடியைச் சற்றுத் தூக்கி, அதன் பாரத்தைக் கொண்டே ஈரத்தை அறிந்துகொள்வர்.

நீர் விடும்போது அரைகுறையாகத் தெளித்தல் தவறு. மேல்மண் மாத்திரம் நனைந்து அடிவேர் உலர்ந்து கிடக்கும். அடித்துவாரத்தால் நீர் வடியும்வரை மெதுவாக ஊற்றி, வடிந்த நீரை உடனே அகற்றிவிட வேண்டும். பின்னர் மண் உலரும்வரை சாடியைத் தொடாதிருத்தலே பராமரிப்பு. மாரிகாலத்தில் வாடைக்காற்றோடு ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில் நீர் குறைவாகவும், சோளகமும் கச்சானும் வீசும் கோடையிற் சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படும். அப்போதும் விரலே அளவுகோல்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் அமைந்தவை. அவற்றின் நீர் பெரும்பாலும் வன்னீர். கரையோரங்களிற் சிறிது உவர்ப்பும் உண்டு. அந்நீரைத் தொடர்ந்து விட்டால் சாடியின் விளிம்பில் வெண்மையான பொருக்குப் படியும். இலைகளின் நுனி கபில நிறமாகிக் கருகும். இயலுமான இடங்களில் மழைநீரைச் சேர்த்து விடுதல் நன்று. இயலாவிடின், மாதம் ஒருமுறை சாடியை வெளியே எடுத்துச் சென்று, மண்ணிற் படிந்த உப்புக் கரைந்தோடும்படி நிறைய நீர் ஊற்றி நன்கு வடியவிட வேண்டும்.

சாடியும் மண்ணும்

அடியில் துவாரமில்லாத சாடி எத்துணை அழகியதாயினும் அதனுள் நேரே செடி நடலாகாது. மண்சாடி தன் சுவரினூடாகவும் ஈரத்தை வெளிவிடுவதால், நீர் ஊற்றுவதிற் கைதாராளமானவர்களுக்கு அதுவே ஏற்றது. பிளாத்திக்குச் சாடியில் ஈரம் நெடுநாள் நிற்கும். பெரிய சாடியிற் சிறிய செடியை நட்டால் வேர் எட்டாத மண் எப்போதும் ஈரமாகக் கிடந்து புளிக்கும். வேர்த்திரளிலும் ஓரிரண்டு அங்குலம் அகன்ற சாடி போதும்.

வயல் மண்ணை அப்படியே சாடியில் இட்டால், நனையும்போது சேறாகியும் உலரும்போது செங்கல்லாகியும் வேரை நெருக்கும். தோட்டத்து மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, கழுவிப் பிழிந்த தும்புத்தூள் ஒரு பங்கு, ஆற்றுமணல் அல்லது கரியாக்கிய உமி அரைப்பங்கு ஆகியவற்றைக் கலந்து கொள்ளலாம். கடற்கரை மணலில் உப்பு உண்டு. அதைச் சேர்த்தல் ஆகாது. உமிக்கரி கமக்காரர் வீட்டிற் செலவின்றிக் கிடைப்பது. மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருப்பது.

சாடியின் அடியிற் சல்லிக்கற்களை நிரப்பினால் நீர் நன்கு வடியும் எனப் பலர் நம்புகின்றனர். உண்மையில், நுண்ணிய மண் தன்னால் இயன்ற மட்டும் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிஞ்சியதையே பருமனான கல்லுக்குள் விடும். ஆதலால் ஈரம் மிகுந்த பகுதி மேலே உயர்ந்து வேருக்கு அண்மையாகி விடுகின்றது. மண் கழுவுண்டு போகாதபடி துவாரத்தின்மேல் ஓர் ஓட்டுத்துண்டை வைத்தல் போதுமானது.

தொடக்கத்துக்கு ஏற்ற செடிகள்

முதலாவதாகச் சொல்லத்தக்கது மருள். இது நம் நாட்டு வரண்ட பகுதிகளிற் பற்றைகளின் கீழே தானாக வளர்வது, நாருக்கும் பயன்பட்டது. தாவரவியலார் இதற்கு இட்ட பெயரில் வரும் ‘செயிலானிக்கா’ என்னும் சொல் இலங்கையையே குறிக்கின்றது. கடைகளில் விற்கும் மஞ்சட் கரையுடைய நெடிய இனம் இதன் மேற்காபிரிக்க உறவு. இரண்டும் தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைப்பவை. அறையினுள் இரண்டு மூன்று வாரம் நீரின்றி நிற்கும்.

இரண்டாவது, மணிச்செடி எனப்படும் கொடி. இதன் தாயகம் பசிபிக்குச் சமுத்திரத்திலுள்ள மூரியா என்னும் தீவு. நம் நாட்டில் மரங்களிற் படர்ந்து, இலைகள் முறம்போல விரிந்து நிற்பதைக் காணலாம். அதே கொடி அறையினுள்ளே சிறிய இலைகளோடு அடங்கி வளரும். ஒரு கணுவுடன் கூடிய துண்டை நட்டாலே துளிர்க்கும். வேலிக்கு வெளியே எறிந்தாற் காட்டு மரங்களில் ஏறிப் பரவும். ஆதலால் வெட்டிய துண்டுகளைக் கண்டவிடத்திற் போடலாகாது.

கிழங்கில் நீரைச் சேமிக்கும் சாமியோகுல்காசு, நிழலிலும் நிறம் மங்காத அக்குலோனீமா, நீண்ட காம்புகளிற் குஞ்சுச் செடிகளைத் தொங்கவிடும் குளோரோபைற்றம் என்பனவும் தொடங்குவோருக்கு ஏற்றவை. குரோட்டன் செடியின் நிறம் வெளிச்சத்தினால் உண்டாவது. அறையினுள் அது பச்சையாகி இலையுதிர்க்கும். பன்னச்செடிகள் ஈரக்காற்றை விரும்புபவை; மலைநாட்டு வீடுகளில் இலகுவாக வளர்வன, வரண்ட வலயத்திற் கவனம் மிக வேண்டுவன.

பசளை

நெல்லுக்கு யூரியா எறிந்து பழகிய கை சாடிக்கும் ஒரு பிடியை எறிய முற்படும். அவ்வளவு பசளை சிறிதளவு மண்ணிற் கரையுமானால் வேர் கருகும். அறையினுள் மெதுவாக வளரும் செடிக்குத் தேவையும் சிறிதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டெருவை மேல்மண்ணிற் கிளறிவிடுதல் பெரும்பாலும் போதுமானது. கரையும் பசளை இடுவோர், பொதியிற் குறித்த அளவில் அரைவாசியையே, மாதம் ஒருமுறை, மண் ஈரமாயிருக்கும்போது விடுதல் வேண்டும். வாடிய செடிக்கும் புதிதாக நட்ட செடிக்கும் பசளை இடலாகாது.

பூச்சி, பீடை

காம்புகளின் இடுக்கிற் பஞ்சுபோலத் தோன்றும் வெண்மூட்டுப்பூச்சியும், தண்டில் ஒட்டியிருக்கும் செதிற்பூச்சியும், வரண்ட நாட்களில் இலையின் கீழே வலைபின்னும் சிற்றுண்ணியும் வீட்டுச் செடிகளைப் பற்றும் பீடைகள். மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிற்றிற் பஞ்சைத் தோய்த்து வெண்மூட்டுப்பூச்சியைத் துடைத்தெடுக்கலாம். ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரத்தைக் கரைத்து இலையின் இருபுறமும் தெளித்து, சிறிது நேரத்தின்பின் நல்ல நீராற் கழுவினால் ஏனையவையும் குறையும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பவர் வீட்டில் இவை பெருகுவது அரிது.

வயலுக்கென வாங்கிய பூச்சிகொல்லியை எக்காரணங்கொண்டும் வீட்டினுள் தெளித்தல் ஆகாது. உண்பதும் உறங்குவதும் குழந்தை தவழ்வதும் அவ்வறையிலேயே என்பதை மறத்தலாகாது.

புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின்பே ஏனைய செடிகளோடு சேர்க்க வேண்டும். இவ்விதி தோட்டத்தைக் காப்பதற்கும் உரியது. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டிற் காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி, பப்பாசியோடு நில்லாது மரவள்ளியையும் செவ்வரத்தை முதலிய அழகுச் செடிகளையும் பற்றுவது. ஒட்டுண்ணிக் குளவிகளைப் பிறநாட்டிலிருந்து தருவித்தே அதை அடக்க வேண்டியிருந்தது. அழகுக்கென வீட்டுக்கு வந்த சாடி, கத்தரிப் பாத்திக்குப் பீடையைக் கொண்டுவரும் வழியாகலாம்.

சாடித் தட்டும் நுளம்பும்

சாடியின் கீழே வைக்கும் தட்டைப் பலர் கவனிப்பதில்லை. அதில் தேங்கும் தெளிந்த நீரே டெங்கு நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்கு உகந்த இடம். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுளம்பு பெருக இடமளிப்போருக்குத் தண்டம் விதிக்க 2007ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

தட்டில் நீர் தேங்காது மணலை நிரப்பிவிடலாம். அல்லது நீர் விட்ட அன்றே தட்டைக் கவிழ்த்துவிடலாம். போத்தலில் மணிச்செடி வளர்ப்போர் வாரந்தோறும் நீரை மாற்ற வேண்டும். மாற்றுதல் மாத்திரம் போதாது. இந்நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை நீரின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலாற் போத்தலின் உட்புறத்தையும் தட்டையும் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். நீர் தேங்காத சாடி வேருக்கும் நலம், வீட்டாருக்கும் நலம்.

குழந்தைகளும் ஆடுமாடும்

கருணைக்கிழங்கைச் சரியாக அவியாது உண்டவர் நாவரிப்பை அறிவர். சேம்பிலையும் அத்தகையதே. கல்சியம் ஒட்சலேற்று என்னும் பொருள் ஊசிபோன்ற பளிங்குகளாக அவற்றினுள் இருப்பதே காரணம். மணிச்செடி, அக்குலோனீமா, அந்தூரியம், சாமியோகுல்காசு, வெண்புள்ளியிட்ட பெரிய இலையுடைய டிபன்பாக்கியா ஆகிய யாவும் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் டிபன்பாக்கியா கடுமையானது. அதன் தண்டைக் கடித்தால் நாவும் வாயும் வீங்கிச் சில வேளை பேச்சும் எழாது.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். வெட்டிய துண்டுகளை ஆடு மேயும் இடத்திற் போடலாகாது. குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து நீராற் கழுவி, சிறிது குளிர்ந்த நீரோ பாலோ பருகக் கொடுத்து, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். செடியின் ஒரு துண்டையும் உடன் கொண்டுபோதல் வைத்தியருக்கு உதவும்.

இரு நம்பிக்கைகள்

செடி உள்ள அறையில் இரவில் உறங்கினால் மூச்சு முட்டும் என்பர் சிலர். செடி இரவில் வெளிவிடும் கரியமிலவாயு, அதே அறையில் உறங்கும் மனிதர் வெளிவிடுவதிலும் மிகக் குறைவு, அஞ்சவேண்டியதில்லை. மற்றொரு சாரார், செடி அறையின் நச்சுக்காற்றைத் தூய்மையாக்கும் என்பர். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா அடைத்த பெட்டிகளுள் நடத்திய ஆய்விலிருந்து அவ்வெண்ணம் பரவிற்று. வீட்டறையோ அடைத்த பெட்டியன்று. இத்தகைய ஆய்வுகளை மீளத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், யன்னலைத் திறப்பதால் வரும் பயனைச் சில சாடிகளாற் பெறமுடியாது என 2019ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கண்ணுக்கு இதமும் மனத்துக்கு ஆறுதலும் தருவதே செடியின் பயன். அதுவே போதுமானது.

பெருக்குதல்

ஒரு சாடியை ஓராண்டு காப்பாற்றியவர் அதிலிருந்து பத்துச் சாடி உண்டாக்கலாம். மணிச்செடியைக் கணுவோடு வெட்டியும், குளோரோபைற்றத்தின் குஞ்சுகளைப் பிரித்தும், மருளைக் கிழங்கோடு பிளந்தும் நடலாம். மருளின் இலைத்துண்டும் வேர் விடும். ஆயின் மஞ்சட் கரையுள்ள இனத்தை இலைத்துண்டால் வளர்த்தாற் புதுச்செடி கரையின்றிப் பச்சையாகவே முளைக்கும், விலையும் குறையும். கரை நிலைக்க வேண்டுமாயிற் கிழங்கைப் பிரித்தே நடல் வேண்டும். போகத்துக்கும் போகத்துக்கும் இடைப்பட்ட நாட்களில், கிணற்றடி நிழலில் ஒரு சிறு பந்தலின் கீழ் இவ்வாறு பெருக்கிச் சந்தைக்கு அனுப்புதல், வீட்டுப் பெண்களுக்கும் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கும் கைச்செலவுக்கு உதவும் தொழிலாகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. விரலை இரண்டு அங்குலம் இறக்கிப் பார்த்தபின்பே நீர் விடுக.
2. வாடிய செடிக்கு நீர் ஊற்றுமுன் மண்ணைத் தொட்டுப் பார்க்க.
3. நிழல் விழாத இடத்திற் செடியை நிலையாக வைக்கற்க.
4. துவாரமில்லாச் சாடியில் நடற்க. வயல்மண்ணைத் தனியே இடற்க.
5. தட்டில் நீர் தேங்கவிடற்க. போத்தலை வாரந்தோறும் தேய்த்துக் கழுவுக.
6. வயற் பூச்சிகொல்லியை வீட்டினுள் எடுத்து வரற்க.
7. சேம்பின் குடும்பச் செடிகளைக் குழந்தைக்கு எட்டாது வைக்க.

மடை திறப்பதற்குமுன் வயலின் ஈரத்தைக் காலால் மிதித்து அறிபவர் கமக்காரர். அதே அறிவை விரல்நுனிக்குக் கொண்டுவருவாராயின், விறாந்தையிலுள்ள சாடியும் அவர் கையிற் பிழைக்கும்.